சென்னைத் தொலைக்காட்சி நிலையம்

தூர்தர்ஷனின் தமிழ் ஒளிபரப்பு நிலையம்; சென்னைச் சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ளது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியதால், இதன் வரலாறு சென்னை வானொலியின் வரலாற்றோடு சேர்த்தே எழுதப்படுகிறது. அதை 1924இல் தொடங்குவோரும் உண்டு. 1938இல் தொடங்குவோரும் உண்டு.

வானொலி மன்றம் (1924–1927)

பொறியாளர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலி மன்றம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றல் கொண்ட பரப்பியுடன் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் பரப்பி வந்தது. இதை இந்தியாவின் முதல் ஒலிபரப்பு முயற்சி என்று சில நூல்கள் குறிக்கின்றன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923லேயே இத்தகைய முயற்சிகள் நடந்திருப்பதால், ‘முன்னோடிகளுள் ஒன்று’ என்பதே பாதுகாப்பான கூற்று. பணமுடையால் மன்றம் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. பரப்பியை மாநகராட்சிக்குக் கொடுத்தது.

மாநகராட்சி வானொலி (1930–1938)

குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு ஏற்றுவதும் கடமையாகக் கொண்ட மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் பாட்டும் ஒலிபரப்பியது. ரிப்பன் மாளிகையிலிருந்து மாலைதோறும் இசை ஒலித்தது. பள்ளி நாட்களில் மாணவர்களுக்கு இசைப் பாடமும் கதையும் இருந்தன. ஞாயிறு, விடுமுறை நாட்களின் காலையில் கிராமபோன் இசைத்தட்டுகள். மாதம் ஒருமுறை ஐரோப்பிய இசை. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றோர் கேட்பதற்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. காற்று வாங்க வந்தவர்கள் காசில்லாமல் கச்சேரியும் கேட்டுப் போனார்கள்.

அகில இந்திய வானொலி

1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் (இன்றைய ருக்மிணி லட்சுமிபதி சாலை) அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் மாநகராட்சியின் பணி முடிவுற்றது. நிலையம் 1954இல் கடற்கரைச் சாலைக்கு மாறியது. 1950களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலிக்கு இடப்பட்ட ‘ஆகாஷ்வாணி’ என்ற பெயருக்குத் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. மக்கள் வழக்கில் ‘வானொலி’யே நிலைத்தது. சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவரைக் குழந்தைகள் ‘வானொலி அண்ணா’ என்றனர். இப்பெயர் அந்நிகழ்ச்சியை நடத்திய கூத்தபிரானுக்கே உரியதாகப் பலரும் கருதினாலும், அவருக்கு முன்பே வழக்கில் இருந்ததாகவும் கூறுவர். 1977 ஜூலை 23 அன்று நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது.

தொலைக்காட்சி

1976 ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் ஆனது. தமிழில் இப்பிரிவினைக்கு ஓரெழுத்து மாற்றமே போதுமாயிற்று: ஒலிபரப்பு ஒளிபரப்பாயிற்று. வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல் நிகழ்ச்சிக்கு ‘ஒளியும் ஒலியும்’ என்ற பெயர் பொருந்தி அமைந்தது. பெட்டி உள்ள வீட்டுக் கூடத்தில் அந்நேரம் தெருவே கூடும். உழவருக்கான ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை, நாற்றங்காலைக் கண்டறியாத நகரத்துப் பிள்ளைகளும், அடுத்த நிகழ்ச்சி வரும்வரை, பொறுமையுடன் பார்த்தனர். நேயர் கடிதங்களுக்கு ‘எதிரொலி’ இருந்தது. வண்ண ஒளிபரப்பு இந்தியாவில் 1982இல் அறிமுகமானது.

பிற்காலம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தபின் இந்நிலையத்தின் தனியாட்சி முடிந்தது. 1997இல் வானொலியும் தூர்தர்ஷனும் பொது ஒலி, ஒளிபரப்புக் கழகமான பிரசார் பாரதியின்கீழ் மீண்டும் ஒரு குடையில் சேர்ந்தன. ‘பொதிகை’ என அழைக்கப்பட்ட இதன் செயற்கைக்கோள் அலைவரிசை, 2024 ஜனவரி 19 முதல் ‘டிடி தமிழ்’ என்ற பெயரில் இயங்குகிறது.