மெழுகு விளையாட்டு

மெழுகு விளையாட்டு என்பது, எரியும் மெழுகுவர்த்தியிலிருந்தோ தனியே உருக்கிய மெழுகிலிருந்தோ விழும் துளிகளைத் தம்பதியரில் ஒருவர் மற்றவரின் தோலின்மேல் அவருடைய முழுச் சம்மதத்தோடு சொட்டச் செய்து, அந்தக் கணநேர உஷ்ணத்தையும் அது ஆறி இறுகும் ஸ்பரிசத்தையும் இருவரும் அனுபவிக்கும் சரச முறையாகும். வயது வந்தோர் அந்தரங்கத்தில் செய்துகொள்ளும் இதில், தக்க மெழுகும் தக்க உயரமும் அமைந்தால் தோல் சற்றே சிவந்து சில நிமிஷங்களில் தன்னிலைக்குத் திரும்பும். இரண்டில் ஒன்று பிசகினாலும் விளைவு தீப்புண்ணாகும்.

மெழுகுகள் யாவும் ஒரே உஷ்ணத்தில் உருகுவன அல்ல. கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பாரபின் மெழுகு தரத்துக்கேற்ப ஏறத்தாழ 46 முதல் 68 பாகை செல்சியஸ் வரையிலும், தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வரையிலும், சோயா மெழுகு பெரும்பாலும் 50 பாகையை ஒட்டியும் உருகுகின்றன. கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலமும், வாசனைப் பொருள்களும், சாயங்களும் இந்த அளவை மாற்றிவிடுகின்றன. ஆகையால் சாயமும் மணமும் இல்லாத சோயா மெழுகோ, குறைந்த உஷ்ணத்தில் உருகுவதாக உறையில் குறித்து இதற்கென்றே விற்கப்படும் வர்த்தியோதான் முதன்முறைக்கு ஏற்றது. தேன்மெழுகை அறவே விலக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டு மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட ஆய்வுகளின்படி, தோலைக் கெடுக்க 44 பாகை உஷ்ணத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் தேவைப்பட, 60 பாகைக்குச் சில விநாடிகளே போதும். இடையிலுள்ள பதினாறு பாகைக்குள் இத்தனை பெரிய வேறுபாடு அடங்கியிருப்பதால், கண்ணால் பார்த்து உஷ்ணத்தை மதிப்பிட முயல்வது வீண்.

அப்படியிருந்தும், நம் மருத்துவமனைகளின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளில், விறைத்த விரல்களை 52 முதல் 54 பாகை உஷ்ணமுள்ள மெழுகில் முக்கி எடுத்துச் சிகிச்சை செய்வது நெடுநாளைய வழக்கமாக இருந்து வருகிறது. கனிம எண்ணெய் கலந்த அந்த மெழுகு கையைச் சுடாததற்குக் காரணம், முதலில் தோலைத் தொடும் மெல்லிய படலம் உடனே இறுகிவிடுவதும், மெழுகு வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதுமாகும். துளியாக விழும் மெழுகும் இந்த நியாயத்தினாலேயே தாங்கத்தக்கதாகிறது. ஆனால் ஒரே இடத்தில் துளிமேல் துளியாக விடும்போதும், கிண்ணத்திலிருந்து தாரையாக ஊற்றும்போதும், உள்ளே அகப்பட்ட உஷ்ணம் வெளியேற வழியின்றித் தோலோடு தங்கிவிடுகிறது. எரியும் வர்த்தியின் திரியடியில் தேங்கும் மெழுகு உருகுநிலையைவிட மிகுந்த சூடுடையது என்பதும், அதைச் சாய்த்துக் கொட்டுவோர் அறிய வேண்டிய செய்தி.

இந்தச் சூட்டை உணர்த்தி எச்சரிக்கும் வலியின் உபயோகத்தை இந்த நாட்டில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் அங்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி மரத்துப் போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டே அழிகின்றன என்று நிலைநாட்டினார். மரத்த கையில் மெழுகுச் சிகிச்சை செய்வோர் நோயாளியின் சொல்லை நம்பாமல் உஷ்ணமானியை நம்ப வேண்டியிருப்பதும் இதனால்தான். ஆகவே நீரிழிவினால் கால் மரத்தவர்களும், நரம்பு வியாதியுள்ளவர்களும், மது அருந்தியவர்களும் இவ்விளையாட்டில் இறங்கலாகாது. சுடுகிறது என்று சொல்லத் தெரியாத உடம்பைச் சுடாமல் காக்க எவராலும் ஆகாது.

சரசம் எல்லை மீறினால் நேரும் அபாயத்தைப் பழைய காமநூலாரும் மறைக்கவில்லை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் மெழுகைப் பற்றிய பேச்சு இல்லையெனினும், சரசத்தில் அடிப்பதும் குத்துவதுமான தென்னாட்டுப் பிரயோகங்களைச் சொல்லுமிடத்தில், சோழ அரசன் ஒருவன் சித்ரசேனை என்னும் கணிகையை அவ்வாறே கொன்றுவிட்டதும், பாண்டியனுடைய சேனாபதி நரதேவன் ஒரு நாட்டியப் பெண்ணின் கண்ணைக் கெடுத்ததும் எச்சரிக்கையாகக் கூறப்பட்டுள்ளன. செய்பவன் தன் வேகத்தில் எதிரிலிருப்பவரின் நிலையை மறந்தால் இத்தகைய கேடுகள் நேரும். மெழுகுவர்த்தியைப் பிடித்திருப்பவருக்கு வேகம் என்பதே இருக்கக் கூடாது. பெறுபவர் சொல்லும் வேகமே அவருடைய வேகம்.

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் உப்பளங்களுக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த கீழ்புத்துப்பட்டு போன்ற ஊர்களில், இடத்தின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்காற்று ஓயாது, சுடர் சாயும்போது துளி குறிதவறி விழும். கீற்று வேய்ந்த வீடுகளிலும், அங்குள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் உள்ளதுபோல் ஒன்றையொன்று ஒட்டிய சிறு வீடுகளிலும், ஒரு சிறு பொறி அடுத்த குடும்பத்தையும் ஆபத்துக்குள்ளாக்கும். அங்கே திறந்த சுடரைத் தவிர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் மெழுகை உருக்கி, அடுப்பை அணைத்தபின், சமையலறைக் கரண்டியால் சொட்டுவதே உத்தமம். உப்பளத்தில் நாள்முழுதும் நின்றவரின் வெடித்த பாதங்களிலும், உப்பு நீர் அரித்த கைகளிலும் மெழுகு படவே கூடாது. புண்ணுள்ள தோல் எவருடையதாயினும் இது பொருந்தும்.

செய்முறை எளியது. மின்விசிறியை நிறுத்தி, பழைய பருத்தி வேட்டியை விரித்து, நைலான் துணிகளையும் சென்ட்டையும் கிருமிநாசினித் திரவத்தையும் அப்பால் வைத்து, கூந்தலை முடிந்துகொண்டு, ஈரத்துண்டும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கச் செய்ய வேண்டும். உருகிய மெழுகு பாத்திரத்திலேயே தீப்பற்றினால் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நெருப்பு சீறிப் பரவும், மூடியால் மூடுவதே வழி. சொட்டுமிடத்தில் தேங்காயெண்ணெயை மெல்லத் தடவினால் மெழுகு ரோமத்தைப் பிடித்துக்கொள்ளாமல் எளிதில் உரியும். முதல் துளி, பிடிப்பவரின் சொந்த முன்கையின் உட்புறத்தில் விழ வேண்டும். அது இதமாக இருந்த பின்னரே, மற்றவரின் முதுகிலோ தொடையின் வெளிப்புறத்திலோ, ஒரு முழ உயரத்துக்குக் குறையாமல் ஒரு துளி விட்டு, அவர் வாய்திறந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். உயரம் கூடக் கூடத் துளி காற்றில் ஆறும். ஆனால் சிதறவும் செய்யும். முகம், கழுத்து, மார்புக்காம்பு, மர்ம உறுப்புகள் முதலிய மென்தோல் இடங்கள் விலக்கப்பட்டவை.

நிறுத்தச் சொல்லும் வார்த்தையை முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம். சரசத்தில் ‘வேண்டாம்’ என்பது விளையாட்டாகவும் வரக்கூடுமாதலால், ‘உப்பு’ என்பதுபோல் அவ்வேளையில் தற்செயலாக வாயில் வராத சொல்லைத் தேர்ந்து, அது கேட்ட மாத்திரத்தில் சுடரை அணைத்துவிட வேண்டும். மணம் முடித்திருப்பது சம்மதத்துக்கு ஈடாகாது. நேற்றுச் சம்மதித்தவர் இன்று மறுக்கலாம், தொடங்கியபின்னும் மறுக்கலாம்.

முடிந்தபின் இறுகிய மெழுகை விரலாலோ மழுங்கிய விளிம்புள்ள அட்டையாலோ நீக்கலாம்; கத்தி ஆகாது. பெற்றவருக்குக் குடிக்க நீரும் போர்த்திக்கொள்ளத் துணியும் கொடுத்து, சற்று நேரம் அருகிலிருந்து, தோலைப் பார்ப்பது நல்லது.

சிவப்பு தணியாமல் எரிச்சல் நீடித்தாலும் கொப்புளம் தோன்றினாலும் அது தீக்காயமே. ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, இங்க், பற்பசை, மஞ்சள், தோசை மாவு எதையும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. காயம் உள்ளங்கையளவைத் தாண்டினாலும், முகம், கை, மர்ம உறுப்புகளில் பட்டாலும் தாமதியாமல் 108-ஐ அழைக்கலாம், அல்லது கீழ்புத்துப்பட்டிலிருந்து காலாப்பட்டுப் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம். நேர்ந்ததை வெட்கத்தால் மறைத்து வேறு காரணம் சொல்லாமல், என்ன மெழுகு, எவ்வளவு நேரத்துக்குமுன் பட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். காயத்தின் ஆழத்தை அவர் கணிப்பதற்கு அவ்விவரங்கள் உதவும்.