சர்ரா: பாக்டீரியா என்று வாசிக்கப்பட்ட ஓர் ஒட்டக நோய்

ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியாக்களில் புருசெல்லாவும் பிளேக் கிருமியும் குறிப்பிடத்தக்கவை. இந்திய ஒட்டகங்களைப் பெரிதும் வாட்டிய சர்ரா நோயின் கிருமியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறிது காலம் பாக்டீரியா வகையிலேயே வைக்கப்பட்டிருந்தது. அப்படி வைத்தவர் ஜான் ஹென்றி ஸ்டீல். பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியை 1886இல் தொடங்கியவரும் அவரே.

ஸ்டீல் அப்படி வைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1880இல், வடமேற்கு எல்லையின் தேரா இஸ்மாயில் கானில் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் நோயுற்ற குதிரைகளின், ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளியும் உயிர் ஒன்றைக் கண்டிருந்தார். அந்த ரத்தத்தை நலமான விலங்குகளுக்குச் செலுத்தி நோயை வரவழைத்தும் காட்டினார். கல்கத்தாவில் எலி ரத்தத்தில் இதுபோன்ற உயிர்களை 1878இல் விவரித்திருந்த திமோத்தி லூயிஸ், அவை நோய்க்குக் காரணம் என்பதை ஏற்கவில்லை. எவன்ஸின் கண்டுபிடிப்புக்குச் சில நூல்கள் 1880 என்றும் சில 1881 என்றும் ஆண்டு தருகின்றன. முன்னது பஞ்சாப் அரசின் ராணுவத் துறை வெளியிட்ட அறிக்கையின் ஆண்டு, பின்னது கால்நடை மருத்துவ இதழில் கட்டுரை அச்சான ஆண்டு. முதன்மை எதற்கு என்பதில் ஒருமித்த வழக்கம் இல்லை.

இந்த இடத்தில் இரண்டு தலைப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எவன்ஸ் தம் இதழ்க் கட்டுரைக்கு இட்ட தலைப்பு, நோய்க்குக் காரணம் ரத்தத்தில் வாழும் ஒரு நுண்விலங்காக இருக்கலாம் என்கிறது. ஸ்டீலின் 1885ஆம் ஆண்டு அறிக்கையின் நீண்ட தலைப்போ, பர்மாவில் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளிடம் தாம் கண்டது மீள்காய்ச்சல் வகை நோய் என்றும், அது எவன்ஸின் சர்ராவாகவே இருக்கக்கூடும் என்றும் அறிவிக்கிறது. எவன்ஸின் அறிக்கையையும் அவர் அதனுடனேயே மறுபதிப்புச் செய்தார். மறுப்பு எதுவும் அந்தத் தலைப்பில் இல்லை, மரியாதைதான் இருக்கிறது. ஆனால் உயிரின் இனம் மாறிவிட்டது. எவன்ஸின் பெயரையே சேர்த்து 'ஸ்பைரோகீட்டா எவன்சி' என்று ஸ்டீல் பெயரிட, நுண்விலங்கு சுருள் பாக்டீரியா ஆனது.

நுண்ணோக்கியின் குறைபாட்டின் மேல் பழியைப் போட முடியாது. ஐந்து ஆண்டுகள் முன்பு, வடமேற்கு எல்லைப் பாளையத்தில், எவன்ஸ் சரியாகவே ஊகித்திருந்தார். ஸ்டீலை வழிநடத்தியது காய்ச்சலின் போக்கு என்றே கொள்ள வேண்டும். மனித மீள்காய்ச்சலின் சுருள் கிருமியை ஓபர்மயர் பெர்லினில் 1873இல் வெளியிட்டார். 1877இல் பம்பாயில் பஞ்சக் காய்ச்சலில் வீழ்ந்தவர்களின் ரத்தத்திலும் வேன்டைக் கார்ட்டர் அதைக் கண்டார். காய்ச்சல் ஏறும்போது கிருமி பெருகும், இறங்கும்போது மறையும். சர்ராவிலும் அதே ஏற்ற இறக்கம் உண்டு. ஸ்டீல் நோயாளியின் உடல்வெப்பத்தைப் படித்துக் கிருமியின் இனத்தை முடிவுசெய்தார்.

ஒட்டகத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தால் இந்த முடிவு தடுமாறியிருக்கும். ஒட்டகத்தில் நோய் ஆண்டுக்கணக்கில் இழுபடும். ராஜஸ்தான் ஒட்டகக்காரர்கள் அதை 'திபர்சா', அதாவது மூன்றாண்டு நோய், என்பார்கள். மனித மீள்காய்ச்சலோ சில சுற்றுகளில் முடிந்துவிடுவது. ஸ்டீலின் ஒட்டக நோய்க் கையேடு 1890இல்தான் சென்னையில் லாரன்ஸ் அநாதை விடுதி அச்சகத்தில் வெளிவந்தது. பெயரிட்ட காலத்தில் அவர் முன் நின்றவை கோவேறு கழுதைகளே. இது ஊகம்தான் என்றாலும், நுண்ணோக்கியைக் குறைசொல்லும் விளக்கத்தைவிட வலுவானது.

1886இல் லண்டனில் க்ருக்‌ஷாங்க் அலைச்சவ்வையும் கசையிழையையும் காட்டியதும் பாக்டீரியா வாசிப்பு சரிந்தது. 1888இல் பால்பியானி அதை டிரிப்பனோசோமா என்ற நுண்விலங்குப் பேரினத்தில் சேர்த்தார். குதிரை ஈக்களே நோயைப் பரப்புகின்றன என்பதை லியோனார்ட் ராஜர்ஸ் 1901இல் வெளியிட்டார். ஈக்களை உள்ளூர் மக்கள் சந்தேகித்ததை எவன்ஸே பதிந்திருந்தார். மாடும் எருமையும் நாயும்கூட இந்நோய்க்கு ஆளாகும் என்பதால், ஒட்டக வளர்ப்பு இல்லாத வட்டாரங்களுக்கும் இது அயல் நோயல்ல.

ஸ்டீலுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். மேலுறைப் புரதத்தை மாற்றி மாற்றி உடலின் எதிர்ப்பை ஏய்க்கும் உத்தியை டிரிப்பனோசோமாவும் மீள்காய்ச்சல் பாக்டீரியாவும் தனித்தனியே பெற்றுள்ளன. அவர் கண்ட ஒற்றுமை உண்மையானது, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

சர்ரா மனிதருக்கு வராது என்பதே நெடுங்கால நம்பிக்கையாக இருந்தது. மனித ரத்தத்தின் அப்போலிப்போபுரோட்டீன் எல்1 என்ற புரதம் இந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். இருந்தும் 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்ட விவசாயி ஒருவருக்கு நோய் உறுதியானது. சுராமின் மருந்தால் குணமானார். அவர் உடலில் அந்தப் புரதமே இல்லை என்று 2006இல் தெரிந்தது. அவர் ஊரில் 1,806 பேரைச் சோதித்தபோது, எதிர்ப்பொருள் வலுவாகத் தெரிந்தவர்களின் ரத்தத்திலும் ஒட்டுண்ணி தென்படவில்லை. ஆனால் 2015இல் வியட்நாமில் நோயுற்ற பெண்ணுக்கு அந்தப் புரதம் குறைவின்றி இருந்தது. அவருக்கு ஏன் தொற்றியது என்பதற்கு அந்தப் புரதக் குறையை விளக்கமாகச் சொல்ல முடியாது.