ஜெனரேட்டரும் ஆகாய விமானமும்



2025 நவம்பர் 7ஆம் தேதி, நம்ம சிட்கோவில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் டெல்லி விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். "சார், கம்ப்யூட்டர் ரிப்பேர்னு காலையிலிருந்து உட்கார வச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் நின்னா பிளேனும் நிக்குமா?" என்று கேட்டார். அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்றாலும் வரலாற்று வாத்தியார்தானே, தேடிப் படித்தேன். அந்தப் பதில் இது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1996 நவம்பர் 12 மாலை. டெல்லியிலிருந்து கிளம்பி மேலே ஏறிய சவூதி விமானமும், டெல்லிக்கு இறங்கி வந்த கஜகஸ்தான் விமானமும் அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் மோதின. 349 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மறுநாள் பிரேயரில் அந்தச் செய்தியை வாசித்தபோது என் குரல் தடுமாறியது இன்னும் நினைவிருக்கிறது.

சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கஜகஸ்தான் விமானம் அந்த உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அப்போது டெல்லியில் இருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதை வேறு. அதன் பிறகுதான் உயரம் காட்டும் ரேடார், தனித்தனிப் பாதைகள், எதிரே விமானம் வந்தால் விமானிக்கே எச்சரிக்கை தரும் கருவி எல்லாம் வந்தன. நவீனமாக்குவது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அந்த 349 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2025க்கு வருவோம். ஒவ்வொரு விமானமும் கிளம்பும் முன் எந்த வழி, எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று ஒரு பயணத் திட்டம் கொடுக்கும். நம்ம ஊரில் சரக்கு லாரியோடு போகும் பில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளரின் திரைக்குத் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கணினி அமைப்புக்கு ஏஎம்எஸ்எஸ் என்று பெயர். நவம்பர் 6ஆம் தேதி டெல்லியில் கோளாறு வந்தது அதில்தான். ரேடாரும் ரேடியோவும் நிற்கவில்லை. ஆனால் திட்டங்களை ஆட்களே கையால் பதிய வேண்டியதாயிற்று. தினமும் 1,500 விமானங்களுக்கு மேல் வந்துபோகும் இடத்தில் கை எவ்வளவு வேகமாக ஓடும்? 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அமைச்சர், மூல காரணத்தை ஆராயவும் கூடுதல் மாற்று சர்வர்களுக்குத் திட்டமிடவும் சொன்னார்.

மாற்று இருந்தால் போதுமா? 2023 ஆகஸ்ட் 28, இங்கிலாந்தில் விடுமுறை நாள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் விமானத்தின் திட்டம் ஒன்று வந்தது. அதன் வழியில் டிவிஎல் என்ற ஒரே குறியீட்டில் இரண்டு இடங்கள், ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று பிரான்சில். கணினி குழம்பி, தவறாக எதையும் அனுப்பிவிடக் கூடாது என்று தானே நின்றுவிட்டது. உடனே மாற்றுக் கணினி வேலையை எடுத்துக்கொண்டது. அதிலும் அதே மென்பொருள், அதே திட்டம், அதே குழப்பம். சில விநாடிகளில் இரண்டும் படுத்துவிட்டன. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அவர் நேரில் வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அவதிப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியப்பா மகன் ஞாபகம்தான் வந்தது. 2012இல் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் கடன் வாங்கி ஜெனரேட்டர் போட்டிருந்தார். ஷிப்மென்ட் நெருங்கிய ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது, பல மாதமாக யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. தூத்துக்குடிக் கப்பலைத் தவறவிட்டு, சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பினார். அந்தக் கடனுக்கு நாலு பவர் டேபிள் மிஷின் விலைபோனது. "ஜெனரேட்டர் இருக்குன்னு நம்பித்தான்டா ஏமாந்தேன்" என்று அவர் சொன்னதை மறக்க முடியாது.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். கம்ப்யூட்டர் நின்றால் பிளேன் தாமதமாகும், ஆனால் விழக்கூடாது. டெல்லியில் அன்று பயணிகளுக்கு நேரம்தான் போனது, உயிர் போகவில்லை. காரணம், கையால் செய்யத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். கால்குலேட்டர் வந்த பிறகும் நான் வாய்ப்பாடு கேட்டு உங்களைப் படுத்தியெடுத்தது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

கம்பெனி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். மாதம் ஒரு நாள் மெயினை நீங்களே அணைத்து, ஜெனரேட்டரை ஓட்டிப் பாருங்கள். ஆர்டர் கணக்கெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால், இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். அது திறக்கிறதா என்றும் பாருங்கள். செய்தவர்கள் கீழே எழுதுங்கள், மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், முதலிபாளையம்