மழைக்குக் கணக்கு எழுதியவர்கள்

எங்கள் ஊர் கரையாம்புத்தூரில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கிற ஈரம்தான். கறவைக்குப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள், அவ்வளவே. டிவியில் காட்டும் காஷ்மீர் பனிமழையெல்லாம் நமக்கு ஏது? ஆனால் குளிர்காலம் எங்களுக்கும் உண்டு. ஐப்பசி பிறந்ததிலிருந்து தை பிறக்கும்வரை வங்காள விரிகுடாவில் எது உருவாகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் டீக்கடையில் பேச்சு. எங்கள் குளிர்காலத்துக்குப் புயல் காலம் என்று பெயர் வைத்தால் தப்பில்லை.

என் பெரியப்பா பல வருடங்களாக மழையளவு எழுதி வருகிறார். உரக்கடையில் கணக்கு எழுதிய பழக்கம். கழுத்து வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று, நீளமான கணக்கு நோட்டு ஒன்று. இவைதான் அவருடைய வானிலை ஆய்வு மையம். பாட்டில் அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும், கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத இடத்தில் வைக்க வேண்டும், தினமும் காலை எட்டரைக்குப் பார்க்க வேண்டும் என்பார். அரசாங்க மழைமானியும் அதே எட்டரைக் கணக்குதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

"இதை எழுதி என்ன பெரியப்பா ஆகப்போகுது?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ பி.காம். படிக்கிறவன் கேக்குற கேள்வியாடா இது?" என்றார். நியாயம்தான். நடந்ததை நடந்த அன்றே குறிப்பேட்டில் எழுது, பேரேட்டுக்கு அப்புறம் கொண்டு போகலாம் என்பதுதானே எங்களுக்கு முதல் பாடம். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இந்தக் கரையில் புயலைப் பற்றி யார் யார் எழுதி வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் ஒரு வேடிக்கை கிடைத்தது. முக்கியமான ஆட்களில் பலருக்கு வானிலை பார்ப்பது வேலையே இல்லை!

முதலில் ஒரு புயல். 1761 ஜனவரி 1. மார்கழி மாதம். புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். 1760-லேயே வில்லியனூர் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். தரையில் அயர் கூட்டின் படை, கடலில் தளபதி ஸ்டீவன்ஸின் கப்பல்கள். உள்ளே லாலியும் பிரெஞ்சுக்காரர்களும் தின்ன அரிசியில்லாமல் கிடந்தார்கள்.

சோழமண்டலக் கரையில் கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. சென்னையானாலும் புதுச்சேரியானாலும் அன்று திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். அதனால் அக்டோபர் நடுவில் கரையை விட்டுப் போய்விடுவது கடற்படைகளின் வழக்கம். அந்த வருடமும் ஸ்டீவன்ஸ் பெரும்பாலான கப்பல்களோடு திரிகோணமலைக்குப் போய், ஐந்து கப்பல்களை மட்டும் காவலுக்கு விட்டிருந்தார். டிசம்பர் கடைசியில், மழைக்காலம் முடிந்தது என்ற தெம்பில், திரும்பி வந்து நங்கூரம் போட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, புத்தாண்டுப் புயல் அடித்தது.

சண்டர்லேண்ட், டியூக் ஆஃப் அக்விடெய்ன் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் டியூக் என்ற சரக்குக் கப்பலும் மூழ்கின. நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் மூன்றும் நகரத்துக்குத் தெற்கே கரையில் தூக்கி வீசப்பட்டன. மூழ்கிய கப்பல்களில் மட்டும் 1,100 ஐரோப்பியர்கள் செத்தார்கள். மறுநாள் உடைந்த மரத்துண்டுகளைப் பிடித்துக்கொண்டு மிதந்த 7 ஐரோப்பியர்களும் 7 லஸ்கர்களும்தான் உயிரோடு கிடைத்தார்கள். (எத்தனை லஸ்கர்கள் செத்தார்கள் என்று அந்தக் கணக்கில் தனியாக இல்லை. கணக்கு எழுதுகிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கும் இருக்கும் போல!) கரையில் கூட்டின் படை முகாமும் கூடாரம் கூடாரமாகப் பிய்ந்து போனது.

லாலி உடனே பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சு அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலேயர் கடற்படை ஒழிந்தது, படகு படகாக அரிசி அனுப்பு என்று. கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. தப்பிப் பிழைத்த கப்பல்கள் ஒரு வாரத்துக்குள் மறுபடி வந்து வழியை அடைத்துவிட்டன. அரிசி வரவில்லை. ஜனவரி 16-ம் தேதி ஆங்கிலப் படை நகரத்துக்குள் நுழைந்தது. பிறகு கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டம் ஆக்கினார்கள் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

இதே ஜனவரியில்தான் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். 1736 செப்டம்பரில் ஆரம்பித்து 25 வருடம் நாட்குறிப்பு எழுதியவர். அவர் வியாபாரி. 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தவர். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எது வரவில்லை என்பது அவருக்கு ஊர்ச்செய்தி இல்லை, கைமுதல். 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் புயலடித்து லபூர்தொனேயின் கப்பல்கள் அழிந்ததும் அந்த ஏடுகளில் இருக்கிறது. 1846-ல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிக்கும்வரை அந்தக் குறிப்புகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. காமர்ஸ் மாணவனாக எனக்குப் பெருமை. நம் கரையின் கடல் செய்தியை நாள்வாரியாக எழுதிய தமிழர் ஒரு வணிகர்!

ஆனால் இப்படி எழுதியதெல்லாம் தனித்தனி வரவு-செலவு. புயல் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பேரேடு போட்டுப் பார்த்தவர் வேறொருவர். ஹென்றி பிடிங்டன். கப்பல் கேப்டனாக இருந்துவிட்டுக் கல்கத்தாவில் தங்கிவிட்டவர். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் உத்தியோகம். அப்போது இந்தியாவில் வானிலைத் துறையே கிடையாது. 1839-லிருந்து அவர் செய்தது ஒரே வேலை. புயலில் சிக்கிய கப்பல்களின் லாக் புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். இந்தக் கப்பல் இந்த மணிக்கு இந்த இடத்தில் இருந்தபோது காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, பாரமானி எவ்வளவு காட்டியது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார். பத்துக் கப்பல், பத்துப் புள்ளி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் காற்று வட்டமாகச் சுழன்றது தெரிந்தது. நம் பக்கத்துக் கடலில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

இதை மாலுமிகளுக்குச் சொல்ல 1848-ல் ஒரு கையேடு போட்டார். கூடவே கண்ணாடி மாதிரி தெரியும் கொம்புத் தகடுகள் இரண்டு. அதில் வட்டமாகக் காற்றம்பு வரைந்திருக்கும். அதை வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்தினால், இப்போது காற்று இந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, ஆகவே புயலின் மையம் அந்தப் பக்கம் இருக்கிறது, நாம் இப்படித் தப்பலாம் என்று கேப்டன் கண்டுபிடிக்கலாம். ஸ்டீவன்ஸிடம் அந்தத் தகடு இருந்திருந்தால்? இருந்திருந்தால் புதுச்சேரி இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கும், அவ்வளவுதான்!

'சைக்ளோன்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் இந்த பிடிங்டன்தான். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். 1853-ல் மாட்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டக் கிளம்பியபோது, அங்கே புயல் வந்தால் கடல் உள்ளே ஏறி எல்லாவற்றையும் அடித்துப் போய்விடும் என்று கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். யார் கேட்டார்கள்? துறைமுகத்தைக் கட்டினார்கள். 1858-ல் பிடிங்டன் இறந்தார். 1867 நவம்பர் புயலில் அந்தப் போர்ட் கானிங் சொன்னபடியே நாசமானது.

நம்ம சென்னைக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 1786-ல் எழும்பூரில் தன் வீட்டிலேயே சொந்தச் செலவில் வானாய்வுக் கூடம் வைத்தார். அவருக்கு நட்சத்திரம் பார்ப்பது பொழுதுபோக்கு. அந்தக் கருவிகளிலிருந்து வளர்ந்ததுதான் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனி கட்டிய கூடம். 1796-லிருந்து அங்கே வானிலையும் குறிக்கப்பட்டது. இன்றைக்குப் புயல் என்றால் நாம் டிவியில் பார்க்கிற மண்டல வானிலை ஆய்வு மையம் அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்திய வானிலைத் துறை வந்ததோ 1875-ல், அதுவும் 1864 கல்கத்தா புயலில் பல்லாயிரக்கணக்கானோர் செத்த பிறகு.

நம் காலத்துக்கு வந்தால் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானைத் தெரியாதவர் உண்டா? அவரும் வானிலைத் துறைக்காரர் இல்லை. வேலை வேறு, ஆர்வம் இது. 2015 சென்னை வெள்ளத்திலும் 2016 வர்தாவிலும் ஜனங்கள் அவர் எழுதுவதைத் தேடித் தேடிப் படித்தார்கள். அவர் சொல்வது எல்லாம் பலித்ததால் என்று நான் நினைக்கவில்லை. அரசு அறிக்கையின் மொழி நமக்குப் புரிவதில்லை. இவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, இந்தத் தெருவில் இத்தனை மணிக்குப் பெய்யும் என்று சொன்னார். எச்சரிக்கைக்கு அரசு அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்வதும் எனக்குப் பிடிக்கும்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் புயல் தானே. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஸ்டீவன்ஸ் கப்பல்கள் மூழ்கிய தேதிக்கு இரண்டே நாள் முந்தி. மழைக்காலம் முடிந்தது என்று நாமும்தான் நம்பியிருந்தோம்! பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பெரியப்பா நோட்டில் அன்றைக்கு மழையளவே இல்லை. 'பாட்டில் காணோம்' என்று எழுதியிருக்கிறார்.

கடைசியாக ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ஒரு சதுர மீட்டர் தரையில் 460 லிட்டர் தண்ணீர்! ஒரு வருடத்து மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். பெரியப்பா நடுராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பாட்டிலைக் காலி செய்தார். காலி செய்ததைக் கூட்டி எழுதவும் மறக்கவில்லை.

டிசம்பர் 1 சாயங்காலம் மழை ஓய்ந்தது. போச்சு, தப்பித்தோம் என்றுதான் படுத்தோம். ஆனால் அதே புயல் மேற்கே போய்த் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் கொட்டியிருந்தது. 2-ம் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். அத்தனையும் தென்பெண்ணையில். பாகூர்ப் பக்கத்து ஆற்றோர ஊர்களில் வெயிலடிக்க வேண்டிய நேரத்தில் வெள்ளம் ஏறியது. பிள்ளைகளையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மேட்டைத் தேடி ஓடினார்கள்.

அடுத்த வாரம் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் 2-க்கு நேராக 'மழை: தூறல், அளக்க முடியாது' என்று இருந்தது. அதற்குக் கீழே, அதுவரை எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு புதுக் கட்டம் பென்சிலால் போட்டு, மேலே 'சாத்தனூர்' என்று எழுதியிருந்தார். இப்போது தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்புகிறார். பேப்பர் வராத நாளில் என் செல்போனில் பார்த்துச் சொல்வது என் வேலை.