கரிசல் மண்ணில் அங்ககக் கார்பனின் நிலைத்தன்மையை அளத்தல்: பெரம்பலூர், அரியலூர்

இலை, வேர், தட்டை, தொழு உரம் ஆகியவற்றின் வழியாக மண்ணை அடையும் கார்பன், நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டுக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும் வரை எவ்வளவு காலம் மண்ணில் தங்குகிறது என்பதே அங்ககக் கார்பனின் நிலைத்தன்மை எனப்படும். 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் இக்கார்பனைப் பற்றி உழவருக்குத் தெரிவிக்கப்படுவது அதன் அளவு மட்டுமே, 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் குறைவு, 0.75-க்கு மேல் மிகுதி என்று அது வகைப்படுத்தப்படுகிறது. ஒரே அளவு கார்பன் கொண்ட இரு வயல்களில், ஒன்றின் கார்பன் அடுத்த மழைக்குள் கரைந்துபோகக்கூடியதாகவும் மற்றொன்றின் கார்பன் நூற்றாண்டுகள் நிற்கக்கூடியதாகவும் இருக்கலாம் என்பதால், அளவைக் கொண்டு நிலைத்தன்மையை ஊகிக்க இயலாது.

1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து 2007-இல் இறுதியாகத் தனி மாவட்டமான அரியலூரும் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளுக்குப் பெயர்பெற்றவை. அக்கடலின் சுண்ணாம்புப் பாறையே இன்று அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். இப்பகுதியின் கரிசலில் சுக்கான்கல் எனப்படும் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்திருப்பதைக் காணலாம். அத்தகைய மண்கட்டி ஒன்றின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் அது சலசலத்துப் பொங்கும். பொங்கி வெளியேறும் அவ்வாயுவிலும் கார்பன் உண்டு. ஆனால் அது பயிர் தந்த கார்பன் அன்று. கால்சியம் கார்பனேட்டில் 12 விழுக்காடு கார்பன் இருப்பதால், நூற்றுக்குப் பத்துப் பங்கு சுண்ணாம்பு உள்ள மண்ணில் 1.2 விழுக்காடு கனிமக் கார்பன் இருக்கும். அங்ககக் கார்பன் 0.5 விழுக்காடு எனில், இது அதைவிட இரு மடங்குக்கும் மேல். ஆகவே சுண்ணாம்பின் கார்பனைப் பிரித்தறிவதே இங்கு எல்லா அளவீடுகளுக்கும் முதற்படியாகிறது.

1934-இல் வெளிவந்த வாக்லி–பிளாக் முறை இந்தச் சிக்கலை இயல்பாகவே தவிர்த்துவிடுகிறது. மண்ணுடன் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து அரைமணி நேரம் வைத்து, எஞ்சிய டைகுரோமேட்டை இரும்பு உப்புக் கரைசலால் தரம்பார்க்கும்போது, கருநீலம் ஒரே சொட்டில் பச்சையாக மாறும் தருணமே முடிவுநிலை. கார்பனேட் ஆக்சிஜனேற்றம் அடையாததால் கணக்கில் சேர்வதில்லை. எனினும் இம்முறை அங்ககக் கார்பனில் சராசரியாக 77 விழுக்காட்டையே எட்டுகிறது. எட்டாமல் விடுபடும் பங்கில் கரித்துண்டு போன்ற நீடித்த வடிவங்கள் அடங்கும் என்பதால், நிலைத்தன்மையை ஆராய்பவருக்கு இது சிறு குறையன்று. 2001-இல் சானும் உடன் ஆய்வாளர்களும் அமிலத்தின் செறிவை 12, 18, 24 நார்மல் என மாற்றி, எளிதில் சிதைவது முதல் சிதையாதது வரை நான்கு பங்குகளாகக் கார்பனைப் பிரிக்கும் வழியைத் தந்தனர். நான்காவது பங்கு மொத்த அங்ககக் கார்பனிலிருந்து கழித்துப் பெறப்படுவதால், உலர் எரிப்பில் கிடைக்கும் மொத்தத்தில் சுண்ணாம்பு கலந்திருந்தால் அது முழுவதும் ‘நிலையான’ கார்பனாகத் தோன்றிவிடும்.

வேதிப் பகுப்பு உயிரியல் சிதைவுக்கு நேர் நிகராகாது. எனவே ஈரமாக்கிய மண்ணை மூடிய குப்பியில் மாதக்கணக்கில் வைத்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைக் காரக் கரைசலில் பிடித்து அளப்பதும் வழக்கம். காய்ந்த மண் நனைந்தவுடன் சில நாள்களுக்கு வாயு வெளியேற்றம் திடீரென உயரும். கோடைக்குப் பின் முதல் மழையில் கரிசலில் நிகழ்வதும் இதுவே. ஆதலால் தொடக்க நாள்களின் அளவை மட்டும் கொண்டு முடிவு கூறுவது தவறு.

பெரம்பலூரின் பயிர் மாற்றம் மற்றொரு வாய்ப்பைத் தருகிறது. பருத்தியின் கார்பனில் கார்பன்-13 ஓரிடத்தான் குறைவு (ஏறத்தாழ ஆயிரத்திற்கு −27); மக்காச்சோளத்தில் அது கூடுதல் (−12 அளவு). பருத்தி நிலம் மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தால், மண்ணின் இன்றைய மதிப்பிலிருந்து பழைய கார்பன் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கணிக்கலாம். முன்பு சோளமோ கம்போ விளைந்த நிலத்தில் இக்கணிப்பு மங்கிவிடும், ஏனெனில் அவையும் மக்காச்சோள வகையைச் சேர்ந்தவை. கடற்சுண்ணாம்பின் மதிப்போ பூச்சியத்தை ஒட்டியது. சிறிதளவு எஞ்சினாலும் புதிய மக்காச்சோளக் கார்பன் மிகுந்ததுபோல் காட்டும். கதிரியக்கக் கார்பன் அளவீட்டிலோ அதே சுண்ணாம்பு எதிர்த்திசையில் பிழை செய்கிறது: கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையால் அதில் கார்பன்-14 எஞ்சியிருக்காது என்பதால், நேற்று மக்கிய வேரையும் தொன்மையானதாகக் காட்டிவிடும். அமிலத்தில் கழுவி அகற்றினால் கரையும் அங்ககப் பொருளும் உடன் போய்விடுமாதலால், அமில ஆவியில் வைத்து அகற்றும் முறை பல ஆய்வகங்களில் விரும்பப்படுகிறது.

அளவீட்டுக்கு இத்தனை இடர் தரும் சுண்ணாம்பே கார்பனைக் காக்கவும் செய்கிறது. அதிலிருந்து விடுபடும் கால்சியம், அங்ககப் பொருளைக் களிமண் துகளுடன் பாலமாகப் பிணைக்கிறது. 53 மைக்ரான் சல்லடையில் தங்கும் தட்டைத் துணுக்குகளைவிட, அதைக் கடந்து செல்லும் நுண்துகளோடு ஒட்டிய கார்பன் நெடுங்காலம் நிற்பதற்கு இப்பிணைப்பு ஒரு காரணம். கோடையில் கரிசல் வெடிக்கும்போது மேல்மண் பிளவுகளில் சரிந்து ஆழத்துக்குச் செல்வதால், ஆழம் கூடக் கூடக் கார்பனின் வயதும் ஒழுங்காகக் கூடும் என்று கொள்ள முடியாது. ஈரத்துக்கேற்ப மண்ணின் பருமனும் மாறுவதால், எடுத்த ஆழத்தைவிட உலர்மண்ணின் எடையை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிடுவதே இம்மண்ணுக்குப் பொருந்தும்.