கோப்பிப் பயிரின் வீழ்ச்சியும் இழப்பீட்டு நெறியும்

ஒரு பயிர்த்தொழில் நிலைகுலையுமிடத்து, அதனை நம்பி வாழ்ந்தோருள் யாருடைய இழப்பு ஈடுசெய்யப்பெறுகின்றது, யார் கைவிடப்பெறுகின்றனர் என்பது வரலாற்றாசிரியர் ஆராயத்தக்க வினாவாகும். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையிற் கோப்பித் தொழில் அழிந்த வரலாறு இதற்குத் தக்க சான்று. அத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பிய தமிழ் மாவட்டங்களுள், ஜலகண்டாபுரம் அடங்கிய சேலமும் ஒன்று. ஆதலின் இவ்வரலாறு நமக்கும் உரியதே.

1869-இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூலை இயற்றினார். கும்மிக்குப் பொருளாகுமளவு அத்தொழில் ஓங்கியிருந்தமை இதனாற் புலனாகும். அதே ஆண்டில் மதுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துகள் படரக் கண்டனர். அதுவே இலைத்துரு நோய். 1870-இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தருக்கு மேற்பட்டது. விலை உயர்ந்தமையால் துரைமார் நோயைப் பொருட்படுத்தாது தோட்டங்களை விரித்தனர். 1880-களின் இறுதியில், முன்னைய ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சவில்லை.

1884 மே 3-ஆம் நாள், தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. தேசாதிபதி ஆர்தர் கோர்டன், இலண்டனின் இசைவுக்குக் காத்திராது, அவ்வங்கியின் தாள்நாணயங்களுக்கு அரசே பிணை என்றார். தாளை வைத்திருந்தோர் காக்கப்பெற்றனர்.

தோட்டத் தொழிலாளர் நிலை வேறு. கூலி பல மாதம் நிலுவையில் நிற்பது வழக்கம். அதுவும் பெரும்பாலும் கங்காணி வழியே வரும். கங்காணி ஆட்களைத் திரட்டித் தரும் ஒப்பந்தக்காரர். தோட்டத்தில் முன்பணம் பெற்று ஆட்களுக்குக் கடனாக வழங்கியவர். தோட்டம் முறிந்தபோது கூலி நின்றது, கடன் நிற்கவில்லை. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் கூலி நிலுவையைத் தோட்டத்தின்மேல் முதல் உரிமையாக்கியது. அடைமானம் பெற்றவர்க்கும் முன்னே உழைத்தவரை நிறுத்திய அந்நெறி பாராட்டத்தக்கது. எனினும் வாங்குவாரற்ற தோட்டத்தின்மேல் முதல் உரிமை பெற்றும் பயன் என்னை? ஊர் திரும்புதலும் எளிதன்று. 1876–78 பஞ்சத்தால், 1871-இல் ஏறத்தாழ 19.67 இலட்சமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 இலட்சமாகக் குறைந்திருந்தது. கடனைப் பதிந்த 'துண்டு' முறையோ 1921 வரை நீடித்தது.

கண்டி மலைநாட்டுச் சிங்கள உழவரும் தம் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பி வளர்த்து விற்றனர். நெல்வரியைப் பணமாகச் செலுத்த அவ்வருவாயே துணை நின்றது. கோப்பி அழிந்தபின் வரி நிலுவையாயிற்று. வலப்பனைப் பகுதியில் உழவர் பலருடைய வயல்கள் ஏலத்திற் போயின. அவர்க்கு ஈடு ஏதும் இல்லை. இழப்பின்மேல் தண்டமே விதிக்கப்பெற்றது. அவ்வரி 1892-இல்தான் நீக்கப்பெற்றது.

தாள்நாணயத்துக்கு உடனடிப் பிணை, கூலிக்குச் சட்டத்தில் உரிமை, உழவர்க்கு ஏலம் என்னும் இவ்வரிசை தற்செயலானதன்று. எழுத்துச் சான்று வைத்திருந்தோர் குரல் முதலிற் கேட்கப்பெற்றது. தொழிலாளர் கையில் அவருடைய கூலியைக் காட்டும் சான்று இல்லை. அவர்தம் கடனைக் காட்டும் துண்டே இருந்தது. இழப்பீடு என்பது அருளன்று. எவர் உரிமை முற்பட்டது எனத் துணியும் முறையே என்பது இவ்வரலாற்றால் தெளியப்படும்.