சிறு வன மகசூல்: ஜவ்வாது மலைப் பெண்களும் காட்டின் மீதான உரிமையும்

திருப்பத்தூருக்குக் கிழக்கே எழும் ஜவ்வாது மலையில், இன்று அம்மாவட்டத்துக்குள் அடங்கும் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று நாடுகளிலும் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பற்ற, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இவர்களின் பெயருக்கு மலைவாழ் மக்கள் என்பதே பொருள். நாடு என்பது பல ஊர்களை ஒரு தலைவரின் கீழ் இணைத்த பழைய அமைப்பு. அதன் நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் ஆண்களே, வழக்குத் தீர்க்கும் ஊர்ப் பஞ்சாயத்தும் ஆண்களின் அவையே.

இம்மக்களின் தோற்றம் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு கதை இடம்பெற்றுள்ளது. கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்ற ஏழு கன்னியரை மீட்கக் காஞ்சிபுரத்திலிருந்து ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் மாண்டதாகக் கொள்ளும்படி மனைவியரிடம் சொல்லியிருந்தனர். பாலாற்று வெள்ளத்தை அவர்கள் அரும்பாடுபட்டுக் கடக்க, நாய்களோ பாதிவழி நீந்தித் திரும்பி வீடு சேர்ந்தன. பின்னர் ஊர் திரும்பியவர்கள், தமக்கு ஈமக்கடன் முடிந்து மனைவியர் தாலியறுத்திருப்பதைக் கண்டு, வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறினர் என்கிறது கதை. வரலாற்றுச் சான்றாக இதை ஏற்க இயலாது. ஆயினும் கதையை அதன் போக்கிலேயே எடுத்துக்கொண்டால், காட்டை முன்பே அறிந்திருந்தவர்கள் தாய்வழி மூதாதையரே என்பது கவனிக்கத்தக்கது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், எல்லை வகுத்து அரசின் ஆளுகைக்குள் கொண்டுவரப்பட்ட ஒதுக்குக்காடு என்னும் வகையை உருவாக்கியது. காட்டில் மரமே செல்வம் என்று கணக்கிட்ட வனத்துறை, தேன், புளி, கடுக்காய், புல் முதலியவற்றைச் 'சிறு வன மகசூல்' எனப் பெயரிட்டு ஒதுக்கிற்று. சிறு என்ற இந்த அடைமொழி அளவைக் குறித்ததா, அதைச் சேகரித்தவர்களைக் குறித்ததா என்று ஐயுற இடமுண்டு. ஏனெனில், மரங்களில் ஏறித் தேனெடுப்பது போன்ற சில வேலைகள் நீங்கலாக, இவற்றில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு.

கடுக்காயை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். தை முதல் பங்குனி வரை உதிரும் காய்களை மரத்தடியில் பொறுக்கி, வீட்டுக்கு முன் பரப்பி, மேற்புறத்தில் வரிகள் எழும்வரை காயவைக்க வேண்டும். இடையே மழையில் நனைந்தால் காய் கறுத்து விலை விழும். எந்த மரம் எந்த ஆண்டு நன்றாகக் காய்க்கும், எந்தக் கிளையை உலுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்னும் அறிவு எழுதப்படாத மேலாண்மையாகும். இக்காய் மலையடிவாரத்து வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிலுக்கு, குரோமிய உப்பு முறை பரவும்வரை, ஆவாரம்பட்டையோடு சேர்ந்து இன்றியமையாத பொருளாக இருந்தது. ஆக, 'சிறு' மகசூலின் துணையில் ஒரு பெருந்தொழில் நின்றது. ஆனால் விலையை நிர்ணயித்தவர்கள் சேகரிப்பு உரிமையைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிகள். பழங்குடியினர் பெரும்பலநோக்கு கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது 1970களில்தான்.

பெருமரமான சந்தனமோ வேறு வரலாறு கொண்டது. அதைக் கடத்தியதாக எழுந்த சந்தேகத்தின் சுமையைப் பெண்களே சுமந்தனர் என்பதற்கு, இதே மலையாளி மக்கள் வாழும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் நடந்த கொடுமை சான்று. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்ட அவ்வழக்கில், வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்தவர்களுக்கு 2011இல் விதிக்கப்பட்ட தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது.

காட்டுப் பராமரிப்பில் ஊராரைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டு வன மேலாண்மைத் திட்டம், தமிழகத்தில் 1997 முதல் ஜப்பானியக் கடனுதவியுடன் கிராம வனக்குழுக்கள் வழியே நடந்தது. பொதுக்குழுவில் பாதியும் செயற்குழுவில் மூன்றிலொரு பங்கும் பெண்களாக இருக்க வேண்டுமென்று மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறிற்று. எனினும் குழுவின் உயிர்நாடி திட்டப் பணமாக இருந்ததால், அது வற்றியபின் பெண்களின் இருக்கையும் பெயரளவிலானது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படை வேறு: அது இடம் தரவில்லை, உரிமையை ஒப்புக்கொண்டது. குடும்பத்துக்கான நில உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். சிறு வன மகசூல் சேகரிப்பவர்களுக்கே உடைமை. ஊர் தொன்றுதொட்டுக் காத்துவந்த காட்டை ஆளும் பொறுப்பு கிராம சபைக்கு. பட்டா வழங்குவதைக் கட்டுப்படுத்திய சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கும்வரை, தமிழகத்தில் இவையெல்லாம் ஏட்டளவிலேயே நின்றன. இதனிடையே, 2012இல் திருத்தப்பட்ட விதிகள் கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகையை வரையறுத்து, சபை உறுப்பினரில் பாதிப்பேரேனும் கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றன. நாட்டாரின் அவைக்குப் பெண்கள் தேவைப்பட்டதில்லை. இந்தச் சபையோ, கடுக்காய்ப் பருவத்தில் கூட்டப்பட்டால், விடியலில் கூடையோடு காட்டுக்குப் போனவர்கள் இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும்.